குழிக்கு நான்தான் ஃபோர்மேன்

உங்களில் சிலருக்கு இந்த வாரம்தான் வெள்ளைத் தலைக்கவசம் கைக்கு வந்திருக்கும். பாறையைப் பற்றியும் வெடியைப் பற்றியும் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தத் தலைக்கவசத்தைப் போட்ட நிமிஷத்திலிருந்து, "இது உன்னுடையது இல்லை, யாரோ தெரியாமல் உன்னிடம் கொடுத்துவிட்டார்கள்" என்று உள்ளுக்குள் ஒரு குரல் பேச ஆரம்பிக்கும். அதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள். என்னிடமும் யாரும் பேசவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கன்னியப்பன். உத்திரமேரூர் பக்கத்துக் கல்குவாரிகளில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. போன வருஷம் ஓய்வு பெற்றேன். ஃபோர்மேனாக இருந்தது கடைசிச் சில வருஷங்கள் மட்டும்தான். அதற்கு முன்னால் மேட், அதாவது ஒரு குழு ஆட்களைக் கவனித்துக்கொள்கிறவன். அதற்கும் முன்னால் கல் உடைத்தவன்.

கொரோனா ஓய்ந்து வேலை மறுபடியும் சூடுபிடித்திருந்த சமயம். எங்கள் குவாரியின் பழைய ஃபோர்மேன் ஒரு நாள் திடீரென்று வேலையை விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக் குவாரிக்குப் போய்விட்டார். அடுத்தது யார் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஏழுமலைதான். பொக்லைன் ஓட்டுபவன். ஃபோர்மேன் பரீட்சையை முதல் தடவையிலேயே பாஸ் செய்தவன். நான் அதே பரீட்சையில் இரண்டு தடவை விழுந்து மூன்றாவது தடவை எழுந்தவன். யார் முன்னாலும் வாய் திறந்து பேசுவான் ஏழுமலை. நான் எதிரில் ஆள் வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நிற்பேன். நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ வருஷம் ஒரே பாறை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டார். என் மகனாக இருக்கலாம், அந்த வயசு. அமைதியாகப் பேசுவார். எப்போதும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, நாளையிலிருந்து நீங்கதான் ஃபோர்மேன்."

"சார், ஏழுமலையக் கேக்கலாமே. அவன்தான்..."

"இல்லண்ணே. நீங்கதான்."

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரோ என் சட்டையைப் பிடித்து உலுக்கியது போல இருந்தது. வெளியே வந்து கம்ப்ரஸர் வண்டியின் பின்னால் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்து, "தப்பா சொல்லிட்டேன் அண்ணே, வேற ஆள்" என்று சொல்வார் என்று உண்மையாகவே காத்திருந்தேன். அவர் வரவில்லை.

மறுநாள் காலை குழிக்குள் நின்றிருந்தேன். முகத்துக்கு நேரே வெயில். கண்ணை மறைக்கக் கையைத் தூக்கினேன். பொக்லைன் நின்றது. அதன் பக்கத்தில் கல் ஏற்றிக்கொண்டிருந்த டிப்பர் இன்ஜினை அணைத்தது. பாறையின் மேல் தட்டில் வெடிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தார்கள். குழி முழுவதும் ஒரு சத்தம் இல்லை.

ஏழுமலை வண்டியிலிருந்து தலையை நீட்டினான். "இன்னா ஃபோர்மேன் சார், எதுக்கு நிறுத்தினே?"

"ஒண்ணியும் இல்லப்பா. வெயிலு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.  நேற்று வரை இந்தக் கையைத் தூக்கினால் ஒரு ஆளும் திரும்பிப் பார்த்ததில்லை. அதே கைதான். இதை நம்பி இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றால், இதை நம்பி நடக்கவும் செய்வார்கள். வெடி வைத்த இடத்துக்குள் நடப்பார்கள். பாறைக்குக் கீழே வண்டியைக் கொண்டுபோவார்கள். அந்த நினைப்பு வந்ததும் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன். அன்று முழுவதும் வெளியே எடுக்கவில்லை.

அன்றிலிருந்து நான் செய்தது என்ன தெரியுமா? பழைய ஃபோர்மேனுக்குப் போன் பண்ணினேன். மேல் தட்டின் ஓரத்தில் விரிசல் தெரிகிறது, ஆளை நகர்த்தலாமா? மழை தூறுகிறது, இன்று துளை போடலாமா? எல்லாவற்றுக்கும் அவர்தான். அவர் அங்கே சொல்வார், நான் இங்கே செய்வேன். வெள்ளைத் தலைக்கவசம் மட்டும்தான் என் தலையில். ஃபோர்மேன் இன்னும் அவர்தான் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு மூச்சு விட முடிந்தது.

ஒரு நாள் போனை எடுத்ததும், நான் பேசும் முன்பே அவர் பேசினார்.

"கன்னியப்பா, இனிமே இதுக்கெல்லாம் எனக்குப் போன் பண்ணாத."

"ஏங்க, எதனா கோவமா?"

"கோவம் இல்லடா. பயமா கீது. நீ அங்க நின்னுக்கினு பாக்கற, நான் இங்க உக்காந்துக்கினு சொல்றேன். நான் சொன்ன பேச்சக் கேட்டு நீ ஆள உள்ள அனுப்பி எதனா ஆச்சுன்னா? எனக்கு ராவுல தூக்கம் வர்லடா. அந்தக் குழிய நான் உட்டுட்டேன். நீ அத்த திருப்பித் திருப்பி என் வூட்டுக்கு இட்டாந்து உடுற."

போனை வைத்துவிட்டார். அதிர்ந்து போனேன். நான் தைரியத்துக்காகப் பிடித்துக்கொண்டிருந்த கையில் என்னைவிட அதிக நடுக்கம் இருந்திருக்கிறது. கேட்பதற்கு ஆள் இருக்கலாம், கேட்பது தப்பில்லை. ஆனால் குழியைக் கண்ணால் பார்க்கிறவன் எவனோ அவன்தான் முடிவு சொல்ல முடியும். இது எனக்கு அந்தப் போன் பேச்சில் பாதிதான் புரிந்தது. மீதி புரிய நாளானது.

அதற்குப் பிறகு நானாக எடுத்த முதல் பெரிய முடிவு தப்பாகப் போனது.

எங்கள் குவாரியில் வெடி வைக்க வெளியிலிருந்து லைசென்ஸ் வைத்திருப்பவர் வருவார். வெடிக்காரர் என்றே கூப்பிடுவோம். வெடித்து முடிந்ததும் அவர் முதலில் உள்ளே போய்ப் பார்ப்பார். பிறகு ஃபோர்மேன் சரி என்று சொன்னால்தான் ஆட்களும் வண்டிகளும் இறங்கலாம். வைத்த வெடியில் ஒன்று வெடிக்காமல் கல்லுக்கு அடியில் கிடந்துவிட்டால், அதன் மேல் பொக்லைனின் வாளி இடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று வெடித்த சத்தம் பாதியில் நின்றுவிட்டது போல என் காதுக்குப் பட்டது. வெடிக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லாம் சரி என்றார். நான் இல்லை என்றேன். எப்படித்தான் சொன்னேனோ. யாரும் இறங்கக் கூடாது, நாளைக் காலையில் நிதானமாகப் பார்த்த பிறகுதான் வேலை என்று நிறுத்திவிட்டேன். டிப்பர்கள் வெறுமனே திரும்பிப் போயின.

மறுநாள் காலை வெடிக்காரரும் நானும் கல் கல்லாக நகர்த்திப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை. வைத்த வெடி எல்லாமே வெடித்திருந்தது.

வெடிக்காரர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "உன் காதுக்கு வைத்தியம் பாரு" என்று சொல்லிவிட்டு நடந்தார். மேனேஜர் திட்டவில்லை. "பரவால்லண்ணே. அடுத்த தடவை கொஞ்சம் யோசிச்சுப் பண்ணுங்க" என்றார். ஏழுமலைதான் விடவில்லை. அன்றிலிருந்து நான் டீக் கிளாஸைக் கையில் எடுத்தால், "பாத்து ஃபோர்மேன் சார், வெடிக்கப் போவுது" என்பான். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளே அந்தக் குரல், "பார்த்தாயா, நான் சொன்னேனே" என்றது.

அந்த வாரமே இன்னொன்றும் காதில் விழுந்தது. இந்தத் தடவை என் காது சரியாகவே கேட்டது. டீசல் கேட்டு வாங்க ஆபீஸ் பக்கம் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. மேனேஜர் போனை மேஜை மேல் வைத்து முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் நிறுத்தினது உண்மைதான் சார். பயந்துட்டாரு, அவ்ளோதான். இனிமே பண்ண மாட்டாரு. வாயில்லாத மனுஷன் சார். சொன்னா கேட்டுப்பாரு. அதுக்குத்தானே அவரைப் போட்டோம். ஏழுமலையைப் போட்டிருந்தா தினமும் நம்மகிட்ட சண்டைக்கு நின்னிருப்பான்."

டீசல் கேட்காமலே திரும்பி வந்தேன். எந்தப் பக்கம் நடந்தேன் என்று தெரியவில்லை. எனக்குத் தகுதி இல்லை என்று நான் பயந்துகொண்டிருந்தது ஒரு மனப்பிராந்தி என்று யாராவது சொல்லித் தேற்றலாமென்றால், அதற்கும் இனி வழியில்லை. போட்டவர்கள் வாயாலேயே கேட்டாகிவிட்டது. வேலை தெரியும் என்று போடவில்லை. பேச மாட்டான் என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் அண்ணே என்று கூப்பிடும் அந்த வாயிலிருந்து.

சாயங்காலம் உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் போனேன். என் மகள் செல்வி அப்போது ஏனாத்தூர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்குபவளை மொபெட்டில் வீட்டுக்குக் கூட்டிப்போவது என் வேலை. என் முகத்தைப் பார்த்ததும், "இன்னாப்பா ஆச்சு?" என்றாள். டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

"இதுக்கு ஒரு பேர் கீதுப்பா. இம்போஸ்டர் சிண்ட்ரோம்னு சொல்வாங்க. பெரிய பெரிய படிப்பு படிச்சவங்களுக்கே வருமாம். தகுதி இருந்தும், நாம ஏமாத்திக்கினு கீறோம்னு தோணிக்கினே இருக்கும்."

எனக்கு அதுவும் ஒரு அதிர்ச்சிதான். என் வயிற்றுக்குள் இருப்பதற்கு ஒரு பெயர் வைத்து, ஏனாத்தூரில் பாடம் நடத்துகிறார்கள்!

"தகுதி இருந்தும்னு சொல்றியேம்மா. எனக்கு இல்லன்னுதான் அவங்களே சொல்றாங்களே. உட்டுடலாம்னு பாக்கறேன்."

"உட்டுடுப்பா" என்றாள் பட்டென்று. தடுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள். "அப்புறம் அவங்க யாரப் போடுவாங்க?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. என்னைவிட வாயில்லாத ஒருவனைத் தேடிப் போடுவார்கள். எங்கள் குழுவில் அப்படி இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அப்படி ஒருவன் தலையாட்டினால், வெடித்த குழிக்குள் முதலில் இறங்குவது பொக்லைனில் இருக்கும் ஏழுமலைதான். வண்டியைக் கிளப்பினேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ராஜினாமா செய்யவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊரின் பெரிய ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு சாலை வேலைக்கு அவசரமாக ஜல்லி வேண்டுமென்று டிப்பர்கள் வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் வரிசையில் நின்றன. இரண்டு நாள் மழையில் வேலை கெட்டுப்போயிருந்தது. மூன்றாம் நாள் கொஞ்சம் வெளிவாங்கியதும் வெடி வைத்தோம்.

புகை அடங்கியதும் வெடிக்காரர் உள்ளே போனார். சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"எல்லாம் சுத்தமா வெடிச்சிருக்கு. வண்டிய எறக்கு."

நான் குழியைப் பார்த்தேன். சரிந்து கிடந்த கல்குவியலுக்கு நடுவில் ஒரு இடத்தில் மட்டும் பாறை பெயராமல் நின்றிருந்தது. இடிந்த வீட்டில் ஒரு சுவர் மட்டும் விழாமல் நிற்குமே, அப்படி.

"அது இன்னா நிக்குது?"

"கெட்டிப் பாறை. செல எடத்துல அப்படித்தான் நிக்கும். எனக்குத் தெரியாததா?"

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எனக்கு உறுதியாகத் தெரியாது. எனக்கு ஏதோ ஞானம் வந்து தெரிந்துவிட்டது என்று பிற்பாடு நிறையப் பேர் கதை கட்டினார்கள். அப்படி ஒன்றுமே இல்லை. கெட்டிப் பாறை நிற்பதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். போன தடவை நிறுத்தித் தலைகுனிந்ததும் கண் முன்னால் நின்றது. "மறுபடியுமா?" என்று அந்தக் குரல் சிரித்தது. நிறுத்தாமல் இருப்பதற்கு என்னிடம் எல்லாக் காரணமும் இருந்தது. நிறுத்துவதற்கு அந்த ஒரு கல்சுவர் மட்டும்தான்.

"யாரும் எறங்க வாணாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன்.

வெடிக்காரர் முகம் சிவந்துவிட்டது. "லைசென்ஸ் எனக்கு கீதா, உனக்கு கீதா?" என்று கத்தினார். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, மழை வர்றதுக்குள்ள நாலு லோடாவது ஏத்திடலாம். அவர் பார்த்துட்டாரு இல்ல?"

"நான் பாக்கணும் சார். வெடிக்காம எதனா கெடந்தா இப்ப கிட்ட போவக் கூடாது. நாளைக்குக் காலையில பாத்துட்டு..."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னை விட்டுவிட்டு ஏழுமலையைப் பார்த்துக் கையை அசைத்தார். பொக்லைன் ஏற்கெனவே இன்ஜின் ஓடியபடி, குழிக்குள் இறங்கும் சரிவின் உச்சியில் நின்றிருந்தது. அது இறங்க ஆரம்பித்தது.

அடுத்து நடந்ததை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கால் தானாக ஓடியது. சரிவின் நடுவில் போய் வண்டிக்கு எதிரே நின்றுவிட்டேன். இரும்புச் சக்கரப் பட்டை கல்லை நொறுக்கிக்கொண்டு வருகிறது. வாளி என் தலைக்கு மேலே.  வண்டி என்னிடம் வந்து ஒரு குலுங்கலோடு நின்றது.

ஏழுமலை தலையை நீட்டினான். "இன்னாடா, சாவணுமா உனக்கு? நவுரு!"

"எறங்கு ஏழுமலை."

"மேனேஜர் சொல்லிட்டாரு. நவுரு."

"மேனேஜர் இன்னா வேணா சொல்லட்டும். குழிக்கு நான்தான் ஃபோர்மேன். எறங்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அதுவரை ஒரு தடவைகூட என்னை நானே அந்தப் பெயரால் சொன்னதில்லை. மேலே நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை நெம்புகோல் மேல் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் மேலே நடந்தான்.

மேனேஜர் சொன்னார். "அண்ணே, இதுக்கு நீங்க பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

அவர் போனை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துகொண்டேன். வேறு ஆளை விட்டு வண்டியைப் பின்வாங்கச் சொல்லி, வழியை அடைத்து, காவலுக்கு ஆள் போட்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன்.  

மறுநாள் காலை வெடிக்காரர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால். அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து, மேலாகக் கிடந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். திடீரென்று முணுமுணுப்பு நின்றது. கையும் நின்றது.

அவர் திரும்பவில்லை. அப்படியே மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலச் சொன்னார். "கன்னியப்பா, பின்னால போ. கால அழுத்தி வைக்காத. அப்படியே பின்னால போ."

அவர் தோளுக்கு மேலாக எனக்கும் தெரிந்தது. கல்லுக்கு நடுவில் வயர். வைத்தது வைத்தபடியே, வெடிக்காத வெடி. நேற்று பொக்லைன் இறங்கியிருந்தால் முதல் வாளி விழுந்திருக்கும் இடம் அதுதான். நாலு பக்கமும் பார்த்தாலும் அதைத் தவிர வேறு இடத்தில் ஆரம்பித்திருக்கவே முடியாது.

மேலே வந்ததும் வெடிக்காரர் தரையில் குந்திவிட்டார். தண்ணீர் கேட்டார். கொடுத்ததைக் குடிக்கவில்லை. "நேத்து நான் இங்க வந்து பாத்தேனே" என்றார். "இதே எடத்துல நின்னேனே." திரும்பத் திரும்ப அதையே சொன்னார். கோபம், வீம்பு எல்லாம் அந்த முகத்திலிருந்து துடைத்தாற்போலப் போயிருந்தது. அன்று காலையிலேயே எல்லா ஆட்களையும் நன்றாகப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு, அவரே அதை முறைப்படி வெடித்து முடித்தார்.

வெடித்தபோது அந்தச் சுவர் இருந்த இடம் தெரியவில்லை. கல் பறந்து வந்து சரிவில் இறைந்தது. முந்தின நாள் பொக்லைன் நின்ற இடத்தில், அதன் கேபின் உயரத்தில் பறந்து வந்த ஒரு பெரிய கல் விழுந்து சிதறியதை எல்லோரும் பார்த்தோம்.  மேனேஜர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை என்னை நோக்கி வந்தான். கட்டிப்பிடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். என் சட்டைக் காலரைப் பிடித்தான்.

"ஏன்டா, நேத்து நான் எறங்க மாட்டேன்னு சொன்னப்போ ரெண்டு அறை வுட்டு எறக்கியிருக்க வாணாமா? மிஷினுக்கு முன்னால வந்தா நிப்பாங்க?"

"நீ ஏத்த மாட்டேன்னு தெரியும்டா."

"உனக்கு ஒண்ணியும் தெரியாது." அவன் குரல் உடைந்தது. "ஏத்திடலாம்னுதான்டா எனக்கு இருந்திச்சு. ஒரு நிமிஷம். என் வேலைய எடுத்துக்கினு என் எதுருலயே வந்து நின்னுக்கினு எறங்குன்றான் பாருன்னு... கை போயிடுச்சுடா. எப்படி நின்னுச்சின்னு எனக்கே தெரியாது."

காலரை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். கல்லில் கிடந்த வெடியைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி உடம்பு விறைத்துப்போகவில்லை. எவ்வளவு வருஷச் சிநேகிதம். நான் என் பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததில், அவனுக்கு நடந்த அநியாயத்தை ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினான். இரண்டு பேரும் போய் ஒரே இலையில் இட்லி வாங்கித் தின்றோம்.

அன்றோடு அந்தக் குரல் ஒழிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை தலைக்கவசத்தை மாட்டியதும் அது திரும்ப வந்தது. "ஒரு தடவை குருட்டாம்போக்கில் சரியாகிவிட்டது, அதனால் நீ ஃபோர்மேனா?" என்றது. இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம். இவ்வளவு நடந்தும் போகவில்லையே!

அது கடைசி வரை போகவில்லை என்று உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதோடு பேசும் விதம் மாறிவிட்டது. "உனக்குத் தகுதி இருக்கிறதா?" என்று அது கேட்கும். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. "குழியைப் பார்த்தாயா?" என்று நானே ஒரு கேள்வியைப் போட்டுக்கொள்வேன். அதற்கு எப்போதும் பதில் சொல்ல முடிந்தது. பார்த்தேன், அல்லது இன்னும் பார்க்கவில்லை. என்னை எதற்காகப் போட்டார்கள் என்பது போட்டவர்கள் பாடு. அங்கே நிற்கும்போது நான் என்ன செய்கிறேன் என்பது என் பாடு. முதல் தடவை நான் நிறுத்தியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவும் சரியான முடிவுதான் என்று இப்போது சொல்வேன். தெரியாதபோது நிறுத்துவதும் ஃபோர்மேனின் வேலைதான்.

மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கதவோரம் நின்று கேட்டது அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அடுத்த வருஷம் பக்கத்துக் குவாரியில் ஃபோர்மேன் வேண்டும் என்று கேட்டபோது ஏழுமலையின் பெயரை நான் சொன்னேன், அவரும் கூடவே சொன்னார். ஏழுமலை இன்றும் அங்கேதான் இருக்கிறான். தினமும் சண்டை போடுகிறான் என்று கேள்வி.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த முதல் வெடி நாளைச் சொல்லி முடிக்கிறேன். மழை விட்டிருந்தது. டிப்பர்கள் வழக்கம் போல வரிசையில் காத்திருந்தன. வெடி முடிந்தது, புகை அடங்கியது, வெடிக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் எதிரே நின்றார். சரி என்றோ இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. "நீயும் ஒரு தபா பாத்துடு" என்றார். ஆட்கள் வழியை அடைத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஒருவரும் அதைத் தாண்டவில்லை. மேனேஜரும் அங்கேயே நின்றார்.

"அண்ணே, உள்ள போலாமா?"

"இன்னும் பாக்கல சார். பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, நான் குழிக்குள் இறங்கினேன்.